மௌத்தான வீட்டு அலுமாரிக்கு விலை சொல்வது யார்?

எமது ஊர்களில் குடும்பத் தலைவர் ஒருவர் மௌத்தானால், சில மாதங்கள் கழித்து வாரிசுகள் கூடிப் பேசுவார்கள். காணி எத்தனை பேர்ச், கடை யாருக்கு, வாகனத்தை விற்பதா, வங்கியில் எவ்வளவு இருக்கிறது, உம்மாவின் நகை எத்தனை பவுண் என்றெல்லாம் கணக்குப் பார்ப்பார்கள். வீட்டிலுள்ள கட்டில், அலுமாரி, மேசை, கதிரை, பெட்டகம் ஆகியவற்றைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. “பழைய பலகைதானே, வீட்டில் இருக்கிறவர் வைத்துக்கொள்ளட்டும்” என்ற ஒரு வார்த்தையோடு அந்தக் கதை முடிந்துவிடும்.

மடுல்சீமை பஸாரில் முப்பது வருடங்களுக்கு மேலாக மரச்சாமான் வியாபாரம் செய்கிறவன் என்ற முறையில், அந்தப் பழைய பலகையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். தளபாடமும் சொத்துத்தான். அதற்கும் ஒரு பெறுமதி இருக்கிறது. அந்தப் பெறுமதியை வாங்குபவரோ, வைத்துக்கொள்பவரோ சொல்லக்கூடாது. அதில் எந்த இலாபமும் இல்லாத, தொழில் தெரிந்த ஒருவர் பார்த்து எழுத்தில் தரவேண்டும். இதை விளங்கிக்கொண்டால் பல குடும்பங்களில் பெண்பிள்ளைகளின் உரிமை பாதுகாக்கப்படும்.

மலைநாட்டு வீடுகளில் என்ன இருக்கிறது?

“எங்கள் வீட்டில் அப்படி என்ன பெரிய சாமான் இருக்கிறது?” என்று நீங்கள் கேட்கலாம். எமது பிரதேசத்தின் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். தேயிலைக்கு முன்னர் இந்த மலைகளில் காப்பிதான் இருந்தது. 1869ஆம் ஆண்டில் காப்பியின் இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலில் கண்டறியப்பட்டதே மடுல்சீமைப் பகுதியில்தான். காப்பி அழிந்தது, துரைமார் பலர் நொடித்துப் போனார்கள், தோட்டங்கள் கைமாறின, தேயிலை வந்தது. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அதற்கு முன்னர் பாரமான சாமான்கள் மாட்டு வண்டியில் மலை ஏறின. இல்லாவிட்டால் இங்கேயே தச்சு பாஸ்மாரைக் கொண்டு செய்விக்கப்பட்டன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியத் தோட்டக் கம்பனிகளிடம் போனது. மடுல்சீமையின் பெயரிலேயே ஒரு கம்பனி அப்போது உருவானது.

ஒவ்வொரு கைமாற்றத்தின் போதும் பங்களாக்களிலிருந்து ஏதாவது வெளியே வந்தது. துரைமார் காலை நீட்டிப் படுக்கும் சாய்மனைக் கதிரை, பித்தளைப் பிடி வைத்த மேசை, கண்ணாடி அலுமாரி என்று எத்தனையோ பொருட்கள் “கழிவுச் சாமான்” என்ற பெயரில் ஏலத்தில் போய், பசறை, லுணுகலை, பதுளைப் பக்கத்து வீடுகளில் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றை வாங்கி வைத்த எமது வாப்பாமாருக்கும் அப்பாமாருக்கும் அது முதிரையா, தேக்கா, நெதுனா என்பது தெரிந்திருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவர்களுக்கு எல்லாம் “பழைய அலுமாரி”தான்.

கொழும்பு புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் 1982ஆம் ஆண்டு முதல் இருக்கும் ஒல்லாந்தர் அருங்காட்சியகத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். அங்கே பாதுகாத்து வைத்திருக்கும் கதிரை, அலுமாரிகளைப் பார்த்தால் பழைய மரவேலைக்கு இருக்கும் மதிப்பு விளங்கும். அந்த ஒல்லாந்தர்கள் இங்கே ஆட்சி செய்த காலத்தில், அநாதைப் பிள்ளைகளின் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு சபையே வைத்திருந்தார்கள். பிள்ளைகளின் பங்கு காணாமல் போகாதிருக்க, இறந்தவர் வீட்டுப் பொருட்களைப் பட்டியல் போடுவது அவர்களின் வழக்கமாக இருந்தது.

பங்கு குறைவது இப்படித்தான்

இலங்கையில் மரணசாசனம் எழுதாமல் மௌத்தாகும் முஸ்லிமின் சொத்து, 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, அவர் சார்ந்த மத்ஹபின் சட்டத்துக்கு ஏற்பவே பங்கிடப்பட வேண்டும். இறுதிக் கிரியைச் செலவு, கடன், மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவை போக மீதி எல்லாம் வாரிசுகளுக்கு உரியது. சொத்து சிறியது, பெரியது என்ற பாகுபாடு மார்க்கத்தில் இல்லை. வீட்டுக் கதிரையும் அதில் அடங்கும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். மௌத்தானவருக்கு மனைவி, இரண்டு ஆண் பிள்ளைகள், ஒரு பெண் பிள்ளை. தளபாடங்களின் உண்மையான பெறுமதி 4 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 50,000 ரூபா. மீதி 350,000 ரூபாவை ஐந்து பங்காக்கினால் ஒரு பங்கு 70,000. ஆண் பிள்ளைகளுக்குத் தலா 140,000, பெண் பிள்ளைக்கு 70,000.

வீட்டில் தங்கும் மூத்த மகன், “எல்லாம் சேர்த்து 40,000 வரும், நானே எடுத்துக்கொள்கிறேன்” என்று சொன்னால் என்ன நடக்கும்? உம்மாவுக்கு 5,000, தம்பிக்கு 14,000, தங்கச்சிக்கு 7,000, ஆக மொத்தம் 26,000 ரூபாவைக் கொடுத்துவிட்டு அவர் கணக்கை முடித்துவிடுவார். உண்மையில் அவர் கொடுக்க வேண்டியது 260,000 ரூபா. வித்தியாசமான 234,000 ரூபா மற்றவர்களின் ஹக். அந்த மகன் கெட்டவராக இருக்கவேண்டும் என்பதில்லை. அவருக்கும் விலை தெரியாது. ஆனால் தெரியாமல் எடுத்தாலும் அது மற்றவரின் பங்குதான்.

ஒருவர் பொருளை எடுத்துக்கொண்டு மற்றவர்களின் பங்குக்குப் பணம் கொடுப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. அலுமாரியை ஐந்தாக அறுக்க முடியாதல்லவா? எல்லோரும் பெறுமதியை அறிந்து, மனம் ஒப்பி இணங்கவேண்டும் என்பதே விடயம்.

வாங்குகிறவர் சொல்வது மதிப்பீடு ஆகாது

சில வருடங்களுக்கு முன்னர் பசறை வீதியிலுள்ள ஒரு வீட்டிலிருந்து என்னை அழைத்தார்கள். வாப்பா மௌத்தாகி ஆறு மாதம். மூத்த மகன் எல்லாச் சாமானையும் காட்டி, மொத்தமாக ஒரு விலை சொல்லச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, திரைச்சீலைக்கு அப்பால் இருந்து அவருடைய தங்கச்சி ஒரு கேள்வி கேட்டார். “நானா, நீங்கள் இதை வாங்கப் போறீங்களா, இல்லாட்டி விலை மட்டும் சொல்லப் போறீங்களா?”

அந்தப் பிள்ளையின் கேள்வி மிகச் சரியான கேள்வி. நான் வியாபாரி. எனக்கு லொறிக் கூலி, பொலிஷ் செலவு, கடை வாடகை, இலாபம் எல்லாம் இருக்கிறது. நான் சொல்வது நான் கொடுக்கத் தயாரான விலை. அதைப் பங்கு பிரிப்பதற்கான பெறுமதியாக எடுக்கக்கூடாது என்று சொல்லி, வெளியே ஒரு மதிப்பீட்டாளரைக் கொண்டுவரச் சொன்னேன். கூலியை எல்லா வாரிசுகளும் பகிர்ந்துகொண்டு கொழும்பிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அந்த வீட்டில் செதுக்கு வேலை செய்த இரண்டு கருங்காலிக் கதிரைகள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் காலிப் பக்கத்துப் பட்டறைகளில் இப்படியான வேலை நிறைய நடந்தது. மற்ற எல்லாச் சாமான்களையும் சேர்த்த தொகையைவிட அந்த இரண்டு கதிரைகளின் பெறுமதி கூடுதலாக வந்தது. உம்மா ஒன்றைத் தன் பங்கில் கழித்து வைத்துக்கொண்டார். மற்றதை விற்றுப் பங்கிட்டார்கள். இன்றும் அந்தப் பிள்ளைகள் ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

ஒரே மேசைக்குப் பல விலை

மதிப்பீடு செய்யப் போகும்போது முதலில் சொல்லவேண்டியது, எதற்காக இந்த மதிப்பீடு என்பதுதான். ஒரே மேசைக்கு நான்கு விதமான பெறுமதி இருக்கலாம்.

முதலாவது சந்தைப் பெறுமதி. விற்கும் அவசரம் இல்லாதவரும் வாங்கும் கட்டாயம் இல்லாதவரும் விபரம் அறிந்து இணங்கும் விலை இது. வாரிசுப் பங்குக்கும் நீதிமன்றத்துக்கும் பொருத்தமானது இதுவே.

இரண்டாவது மாற்றீட்டுப் பெறுமதி. அதே மாதிரியான இன்னொன்றை இன்று வாங்கவோ செய்விக்கவோ எவ்வளவு செல்லும் என்பது. காப்புறுதிக்கு இது பயன்படும். பொதுவாகச் சந்தைப் பெறுமதியைவிடக் கூடுதலாக இருக்கும்.

மூன்றாவது கட்டாய விற்பனைப் பெறுமதி. குறுகிய தவணையில் ஏலம் போட்டால் கிடைக்கும் தொகை.

நான்காவது கணக்குப் புத்தகப் பெறுமதி. வாங்கிய விலையிலிருந்து வருடா வருடம் தேய்மானம் கழித்து வரும் எண். அதற்கும் பொருளின் உண்மையான விலைக்கும் தொடர்பு இருக்கவேண்டும் என்பதில்லை. புத்தகத்தில் பூச்சியமாகிவிட்ட தேக்கு மேசை, கடையில் நல்ல விலைக்குப் போவதை நாம் தினமும் காண்கிறோம்.

காப்புறுதிக்காக எடுத்த அறிக்கையை வாரிசுப் பங்குக்குக் காட்டினால் பொருளை எடுப்பவர் நஷ்டப்படுவார். ஏல விலையைக் காட்டினால் மற்றவர்கள் நஷ்டப்படுவார்கள். ஆகவே நோக்கத்தை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

நீதிமன்றமும் வரியும்

சொத்து சட்டம் குறிக்கும் தொகைக்கு மேற்பட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் ‘டெஸ்டமென்டரி’ வழக்குப் போடவேண்டி வரும். நிர்வாகியாக நியமிக்கப்படுபவர் சத்தியம் செய்து ஒரு மாதத்துக்குள், இறந்தவரின் சொத்துகளையும் பொருட்களையும் பெறுமதியோடு பட்டியலிட்டுத் தாக்கல் செய்யவேண்டும் என்று குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்கிறது. பலர் அந்தப் பட்டியலில் “வீட்டுத் தளபாடம்” என்று ஒரு வரி போட்டு மனதுக்கு வந்த தொகையை எழுதுகிறார்கள். பின்னர் ஒரு வாரிசு ஆட்சேபித்தால், சத்தியம் செய்தவரே பதில் சொல்லவேண்டும். அப்போது கையில் ஒரு மதிப்பீட்டு அறிக்கை இருப்பது பெரிய பலம்.

இலங்கையில் முன்னர் இருந்த மரணச் சொத்து வரி 1980களில் நீக்கப்பட்டது. ஆனால் வியாபாரிகளுக்கு வேறு கணக்கு இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி அலுவலகத் தளபாடத்துக்கு ஐந்து வருடங்களில் தேய்மானக் கழிவு பெறலாம். ஐந்து வருடம் கழிந்து புத்தகத்தில் பூச்சியமான காட்சி அலுமாரியை 150,000 ரூபாவுக்கு விற்றால், அந்தத் தொகை வருமானத்தில் சேரும். கடையை மகனுக்கு மாற்றும்போதும், பங்காளியிடமிருந்து பிரியும்போதும் சந்தைப் பெறுமதி என்னவென்று கேள்வி வரும். கணக்காளரிடம் முன்கூட்டியே பேசி, திகதியிட்ட அறிக்கை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் உறவினர் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரித்தானியாவில் 325,000 பவுணுக்கு மேற்பட்ட சொத்துக்குப் பொதுவாக 40 வீத வாரிசு வரி உண்டு. அங்கே வீட்டுப் பொருட்களும் கணக்கில் சேரும். மௌத்தான திகதியில் இருந்த பகிரங்கச் சந்தை விலையே எடுக்கப்படும். லண்டனில் மௌத்தான சாச்சாவின் வீட்டுச் சாமானை நண்பர்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டுப் பிறகு படிவம் நிரப்ப உட்காரக் கூடாது.

ஸகாத்தைப் பொறுத்தவரை வீட்டுப் பாவனைத் தளபாடத்துக்கும் கடையின் ராக்கை, காட்சி அலுமாரிக்கும் ஸகாத் இல்லை. விற்பனைக்கு வைத்திருக்கும் கட்டில், கதிரைகளுக்கு உண்டு. வருடம் பூர்த்தியாகும் நாளின் சந்தை விலையில் 2.5 வீதம் என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. மொத்த விலையா, சில்லறை விலையா என்ற சந்தேகத்தை உங்கள் பகுதி உலமாவிடம் கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

கலியாணச் சாமான்

இன்னொரு முக்கியமான இடம் காதி நீதிமன்றம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலி என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில், மணமகளின் பயனுக்காக மணமகனிடம் கொடுக்கப்படும் பணம் மட்டுமல்லாமல் அசையும் பொருட்களும் அடங்கும். கட்டில், அலுமாரி, செட்டி எல்லாம் அசையும் பொருட்கள்தான்.

வாப்பா கடன் வாங்கி மகளுக்கு அறைச் சாமான் ஒரு செட் வாங்கிக் கொடுக்கிறார். ரசீது கடைக்காரரிடம் கிடக்கிறது, பட்டியல் இல்லை, படம் இல்லை. துரதிர்ஷ்டவசமாக அந்த விவாகம் முறிந்தால், எந்தச் சாமான் யாருடையது, என்ன தரம், என்ன விலை என்று நிரூபிக்க அந்தப் பிள்ளை தவிக்கிறாள். மரம் தேக்கா, அல்பீசியாவா என்பதில் கூட வாக்குவாதம் வருகிறது. கலியாண நாளிலேயே இரண்டு வீட்டாரும் கையெழுத்திட்ட ஒரு பட்டியல், சாமானின் படங்கள், கடை ரசீது ஆகிய மூன்றும் பெண்ணின் கையில் இருக்கவேண்டும். இதைக் கேட்பது அவநம்பிக்கை அல்ல. கடனை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் எங்களுடையது.

தீயும் மண்சரிவும்

2018 மார்ச்சில் திகன, கண்டிப் பகுதியிலும் 2019 மே மாதத்தில் குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளிலும் எம்மவர்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் எமது பதுளை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. இத்தகைய அழிவுகளில் உயிரிழப்பை எந்தப் பட்டியலாலும் ஈடுசெய்ய முடியாது. ஆனால் உயிர் தப்பியவர் நட்டஈடு கேட்டுப் போனால், காப்புறுதிக் கம்பனியாக இருந்தாலும், 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இழப்பீட்டுக்கான அலுவலகமாக இருந்தாலும், “என்ன இருந்தது, அதற்கு என்ன ஆதாரம்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும்.

காப்புறுதியில் இன்னொரு பொறி இருக்கிறது. 10 இலட்சம் பெறுமதியான சாமானை 4 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்து, 5 இலட்சத்துக்குச் சேதம் ஏற்பட்டால், 4 இலட்சம் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். ஒப்பந்தத்தில் ‘சராசரி நிபந்தனை’ இருந்தால், பெறுமதியில் 40 வீதத்துக்கே காப்புறுதி செய்தீர்கள் என்று சொல்லிச் சேதத்தில் 40 வீதமான 2 இலட்சத்தையே தருவார்கள். கலவரத்துக்கான காப்பு தனியாகச் சேர்க்கப்படுவது. அது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

யாரிடம் போவது, என்ன கேட்பது?

1975ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கை மதிப்பீட்டாளர் நிறுவகத்தின் அங்கத்தவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் பலரின் அன்றாட வேலை காணி, கட்டடம், இயந்திரம். ஆகவே “பழைய தளபாடம் பார்த்த அனுபவம் உண்டா?” என்று முதலிலேயே கேளுங்கள். நீண்டகாலம் ஏலத் தொழிலில் இருக்கும் நிறுவனங்களும் உதவும். கொழும்பு ஷொக்மன் அன்ட் சமரவிக்ரம போன்றவை 1892ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றன.

கூலியைப் பெறுமதியின் வீதமாகக் கேட்பவரைத் தவிருங்கள். விலையைக் கூட்டினால் அவருக்கு இலாபம். நாள் கூலியோ, மொத்தக் கூலியோ பேசிக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு “நானே எடுக்கிறேன்” என்பவரையும் தவிருங்கள்.

அறிக்கையில் இவை இருக்கவேண்டும்: நோக்கம், எந்த வகைப் பெறுமதி, எந்தத் திகதியில், ஒவ்வொரு பொருளின் மரம், அளவு, வேலைப்பாடு, பழுது, படம், விலைக்கு வந்த காரணம், தனக்கு இதில் எந்த அக்கறையும் இல்லை என்ற உறுதிமொழி, தகைமை, கையொப்பம். வாரிசு விடயத்தில் இன்றைய திகதியோடு மௌத்தான திகதியின் பெறுமதியும் தேவையா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

மதிப்பீட்டுக்கு முன்னர் சாமானைப் பொலிஷ் செய்யவோ, பிடிகளை மாற்றவோ வேண்டாம். லாச்சியைக் கழற்றிப் பார்த்துப் பலகை பொருந்தும் மூட்டு கையால் வெட்டியதா, ஆணியும் திருகாணியும் எந்தக் காலத்தவை, அடிப்பக்கத்தில் வாள் பட்ட அடையாளம் எப்படி என்பதைத்தான் தொழில் தெரிந்தவர் பார்ப்பார். உண்மையான கருங்காலி தண்ணீரில் அமிழும் அளவுக்குப் பாரமானது. கறுப்புச் சாயம் பூசிய மரம் தூக்கினாலே தெரிந்துவிடும். கலமந்தர் மரம் இந்த நாட்டுக்கே உரியது. முன்னரே அளவுமீறி வெட்டப்பட்டு இன்று அரிதாகிவிட்டது. அப்படியொரு பெட்டகம் உங்கள் வீட்டில் இருந்தால் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள் கவனமாக இருக்கவேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், கண்டி இராச்சியம் கைமாறிய 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாக வைத்திருக்கிறது. அதற்கு முற்பட்ட கலைப்பொருளை அனுமதியின்றி ஏற்றுமதி செய்ய முடியாது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டமும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டபின் பொதி கட்டுங்கள்.

இப்போதே செய்யக்கூடியது

எல்லா வீட்டுக்கும் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. சாதாரணப் பாவனைச் சாமானுக்கு, ஒருவரோடொருவர் சம்பந்தமில்லாத இரண்டு கடைக்காரர்களிடம் எழுத்தில் விலை எடுத்தாலே குடும்பத்துக்குள் பேசிக்கொள்ளப் போதும். பழையது, செதுக்கு வேலை உள்ளது, மரம் இன்னதென்று தெரியாதது ஆகியவற்றுக்கு மட்டும் மதிப்பீட்டாளரை அழையுங்கள். தெரு வழியே “பழைய சாமான் வாங்குறோம்” என்று வருகிறவர் ஒரு பொருளை விலை பேசாமல் இரண்டு தரம் தடவிப் பார்த்தால், அந்தப் பொருளை அன்றைக்கு விற்காதீர்கள்.

வீட்டுத் தலைவர் உயிரோடு இருக்கும்போதே, கையடக்கத் தொலைபேசியால் அறை அறையாகப் படம் எடுத்து, எது எங்கே வாங்கியது, எது யாருக்கு ஏற்கெனவே ஹிபாவாகக் கொடுக்கப்பட்டது, எது உம்மாவின் சொந்தச் சாமான் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுங்கள். வாப்பா சொல்லச் சொல்ல மகள் எழுதினால் இரண்டு மணித்தியால வேலை. அந்த இரண்டு மணித்தியாலத்தைச் செலவழிக்காத குடும்பங்கள் மாவட்ட நீதிமன்றப் படிகளில் எத்தனை வருடங்களைச் செலவழிக்கின்றன என்பதைப் பதுளைக்குப் போய்வருகிற எவரும் சொல்வார்கள்.